கால் என்னுஞ் சொல்
(குமராட்சிக் கூட்டத்திற் பேசியது)



கால் என்பது யாவரும் அறிந்த சொல். நடக்கும் உறுப்பு அதன் முதற்பொருள். தாங்கி நிற்றலால் தூணும் காலாயிற்று. சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தை இவ்வூரில் அறியாதார் யார்? கலியாணத்திற்குப் பந்தற்கால் நாட்டுகின்றோம். நெல்லளக்கும் மரக்காலோ நடவாது, எதனையுந் தாங்காது. காற்றையுங் கால் என்பர். அது புலவர் வழக்கு.

நமக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று நீரோடுங் கால். 1836-இல் ஆர்தர் காட்டன் அமைத்த கொள்ளிடத்துக் கீழணையினின்று வரும் வடக்கு ராஜன் வாய்க்காலால் இப்பக்கத்து வயல்கள் விளைகின்றன. மற்றொன்று நாலிலொரு பங்கு. கால் ரூபாய் நாணயமும் 2011-இல் செல்லாதாயிற்று. பிள்ளைகள் இதனை எங்ஙனம் அறிவர்?

நம்மவருள் பங்காளிகள் இருவர் பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரமொன்றை எம்மிடங் கொணர்ந்தனர். இளையவர் பங்கு, ‘தென்கால் நீங்கலாக’ என்றிருந்தது. வயலின் தெற்குக் கால்பங்கு தமதே என்றார் மூத்தவர். நீக்கியது வாய்க்காலே என்றார் இளையவர். மூன்றாண்டாகப் பேச்சில்லை; நீர்க்காலும் தூர்ந்து போயிற்று. யாம் பத்திரம் முழுதும் படித்தோம். பரப்புச் சொல்லுமிடமெல்லாம் எழுதினவர் காலுக்குப் பழைய குறியாகிய ‘வ’ இட்டிருந்தார். ‘கால்’ என்று எழுத்தால் வரைந்தது எல்லை கூறுமிடத்தில் மாத்திரமே. ஆகவே அது வாய்க்கால் என்றோம்.

மூத்தவர் இன்னும் முற்றும் ஒப்பினாரல்லர். ஆயினும் இவ்வாண்டு இருவருங் கூடியே அக்காலைத் தூர்வாரினர்.

பழம் பத்திரம் வைத்திருப்போர் அடுத்த கூட்டத்திற்குக் கொணர்க, உடனிருந்து படிப்போம்.