போரும் மக்கள் மன்றமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்குத் துணைநிற்கும் இக்கழகத்தின் விழாவில், அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். தீண்டாமை ஒழிப்பு, இடஒதுக்கீடு ஆகிய பிரிவுகளை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். ஆகவே, அவர்கள் அதிகம் எண்ணிப் பாராத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நாட்டைப் போரில் இறக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? அதற்கு எல்லை உண்டா?

இக்கேள்வி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. போர்முனைக்குச் செல்வோரில் பலர் உழவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அண்ணல் அம்பேத்கரின் தந்தையாரும் படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவரே. உயிரைக் கொடுப்பவனுக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்கும் உரிமையும் வேண்டும்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். மத்திய சட்டசபையை அவர் கேட்கவில்லை. அதைக் கண்டித்துச் சென்னையில் இராஜாஜி அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்திருந்தனர்.

விடுதலை பெற்ற இந்தியாவின் நிலை என்ன? முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவருக்கு உரியது. அவ்வதிகாரம் செலுத்தப்படும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்கிறது 53ஆவது பிரிவு. நடைமுறையில் அமைச்சரவையின் அறிவுரைப்படியே யாவும் நடைபெறும். போருக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

எனினும் கடிவாளம் அறவே இல்லாமலில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. போரை முன்னிட்டு நெருக்கடி நிலை பிறப்பித்தால், அதனை இரு அவைகளும் ஏற்க வேண்டும்.

இம்மூன்றாவது கடிவாளம் எவ்வாறு இறுகியது என்பது கற்கத்தக்கது. சீனப் போர் 1962 நவம்பரில் ஓய்ந்தது; அப்போருக்காகப் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. 1971 டிசம்பர்ப் போர் இரு வாரங்களுக்குள் முடிந்தது. அதற்கான நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை தொடர்ந்தது. போர் நின்றபின்னும் குடிமக்களின் உரிமைகள் முழுமையாகத் திரும்பவில்லை. இப்பட்டறிவினால் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு திங்களுக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

ஆனால் நெருக்கடி நிலையைப் பிறப்பிக்காமலே படையை அனுப்பினால்? தமிழர்களாகிய நமக்கு அதன் விடை தெரியும். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். உடனே அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. முன்கூட்டி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தனர். ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது. அனுப்பியது சரியா, தவறா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். அனுப்பும் முன் மக்கள் மன்றத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்பதில் வேற்றுமைக்கு இடமில்லை.

போருக்கு விரைவும் இரகசியமும் தேவை, மன்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்க இயலுமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பகைவன் தாக்கும்போது திருப்பித் தாக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமெரிக்கா 1973இல் இயற்றிய சட்டம், படையை ஈடுபடுத்திய 48 மணி நேரத்திற்குள் குடியரசுத் தலைவர் காங்கிரஸ் அவைகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அவைகள் ஒப்பாவிடில் 60 நாட்களுக்குப் பின் படை விலக வேண்டும். அங்குள்ள தலைவர்கள் அச்சட்டத்தைப் பலமுறை சுற்றிவளைத்துத் தப்பியிருப்பதும் உண்மையே. பிரிட்டனில் அத்தகைய சட்டம் இல்லை; ஆயினும் 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலைக் காமன்ஸ் சபை 285க்கு 272 என்ற வாக்கில் மறுத்தது; பிரதமர் அதற்குக் கட்டுப்பட்டார். சட்டம் இருந்தும் கேட்பார் இல்லையெனில் பயனில்லை; கேட்பார் இருந்தால் மரபே சட்டமாகிவிடும்.

நமக்கு இரண்டும் வேண்டும். 53ஆவது பிரிவே வழி திறந்து வைத்துள்ளது. படையை அயல்நாட்டிற்கு அனுப்பினால், குறித்த நாட்களுக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சட்டம் இயற்றுவதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தவும் தேவையில்லை.

இளைஞர்களே! நமது அவிநாசி சட்டமன்றத்திற்குத் தனித் தொகுதி. மக்களவைக்கு நாம் வாக்களிக்கும் நீலகிரியும் தனித் தொகுதி. அண்ணல் பெற்றுத் தந்த அந்த இடங்கள் சாலையும் குடிநீரும் கேட்பதற்கு மட்டும் உரியன அல்ல. போரா, அமைதியா என்னும் பெரும் வினாவிலும் நம் உறுப்பினர் எழுந்து பேச வேண்டும். அவரைப் பேசவைக்க, வாக்காளராகிய நாம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வியைத் தரும் இக்கழகம் மேலும் வளர்க என வாழ்த்தி அமர்கிறேன்.