தப்பும் கிற்றாரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைக்குழுவின் வரலாறு. பாடசாலை அதிபர் ஒருவருக்கு இளைஞரின் மேடைப் பாட்டில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். அந்தக் குழுவின் வரலாற்றில் நம் தேயிலை மலைகளின் கதையும் ஓர் இழையாகக் கலந்திருக்கின்றது என்பதே என் விடை.

சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவகைப் பாட்டைப் பிறப்பித்தனர். அதற்குப் புளூஸ் என்று பெயர். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் வறுமையும் இழிவும் ஒழியவில்லை. அந்தத் துயரமே அப்பாட்டின் ஊற்று. பின்னர் 1960களில், மோட்டார்க் கொட்டகைகளில் கூடிப் பழகிய இளைஞர்கள் அதனை உரத்த கிற்றாரிலும் முரட்டுத் தாளத்திலும் ஏற்றினர். அவர்தம் வழிவந்தது, டெட்ரோய்ட் நகரில் 1997இல் தோன்றிய வைற் ஸ்ட்ரைப்ஸ் என்னும் இருவர் குழு. அக்குழு 1999இல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டை, சன் ஹவுஸ் என்னும் மிசிசிப்பிப் பாடகருக்குக் காணிக்கையாக்கியது. அம்முதியவர் 1988இல் அதே டெட்ரோய்ட் நகரில் காலமானவர். பாட்டைப் பெற்றவர்கள் அதைத் தந்தவரின் பெயரைச் சொன்னார்கள். இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி நம் தமிழுக்கு வருவோம். சென்னையில் 2017ஆம் ஆண்டு, திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் அவர்களின் முயற்சியால், இசையமைப்பாளர் தென்மாவின் பொறுப்பில் ஓர் இசைக்குழு உருவாயிற்று. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றோர் கூட்டு, என்று அதற்குப் பெயர். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அறிஞர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேருடன் அதன் முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பறையும், கட்டமோளமும், சட்டியும் ஒருபுறம். கிற்றாரும் மேனாட்டு முரசும் மறுபுறம். வடசென்னையில் இறந்தார் வீட்டு முற்றத்தில் இரவெல்லாம் பாடப்பட்டுவந்த கானாப் பாட்டு, மார்கழி இசைவிழாக்களால் புகழ்பெற்ற நகரில், தனக்கென ஒரு மேடையில் நிமிர்ந்து நின்றது. ஆடவர் துறையென்றே கருதப்பட்ட கானாவைப் பாடிய இசைவாணி என்னும் பெண்மணியை, 2020ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராகத் தேர்ந்தது.

இக்குழுவில் பாடியவர்களுள் அறிவு என்னும் இளங்கவிஞரும் ஒருவர். அவருடைய பாட்டியார் வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். நேயர்களே, 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையை நாம் மறக்க இயலாது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் பங்கிடப்பட்டனர். ஏனைய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. பசறையிலும், ஹாலி எலவிலும், தெமோதரையிலும், ஹப்புத்தளையிலும் அந்தப் பங்கீட்டினால் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! இரயில் நிலையங்களில் எழுந்த அழுகுரல் நம் முதியோர் செவிகளை விட்டு நீங்கவில்லை.

அறிவு எழுதிப் பாடகி தீயுடன் இணைந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், 2021 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடல் உலகெங்கும் பரவிற்று. நிலத்தைப் பண்படுத்தியவர்களே நிலமற்றோரான கொடுமை அதன் பொருள். அவ்வாண்டு ஓர் இசைச் சஞ்சிகை அப்பாடலைச் சிறப்பித்து அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் அறிவின் முகம் இல்லை. பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்தனர். பின்னர் அச்சஞ்சிகை அவரைத் தனியே ஓர் அட்டையில் வெளியிட்டது. 2024இல் அறிவு தம் பாடல் தொகுதி ஒன்றுக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் பெயர் இசைத்தொகுதியின் தலைப்பாயிற்று!

நம் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. நாட்கூலி கணக்கில் விழுந்தால் அது பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதனின் பெயரே அவன் நாட்கூலியின் அளவாகிவிட்ட இடத்தில், பாடியவர் பெயர் ஏட்டில் ஏறாதது வியப்பன்று. பாட்டு இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடில், பாட்டுகளிலும் பல மறைந்திருக்கும். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டந்தோறும் பாடித் தொழிலாளரை எழுப்பிய வரலாறும் நம் பிள்ளைகள் அறியவேண்டியது.

தப்பின் நிலையும் இதுவே. வைகறையில் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு ஆடவைத்தது தப்பு. இறுதி யாத்திரையில் முன்சென்றதும் தப்பே. ஆயினும் அதை அடிப்பவரைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இருந்ததை மறைப்பதற்கில்லை. அதனாலன்றோ தப்படிப்பவரின் மகன், தந்தையின் கருவியைத் தொடக் கூசுகிறான்! பிள்ளைகள் கிற்றார் பயில்வதை நான் தடுக்கேன், பயிலட்டும். ஆனால் கிற்றாருக்கு அருகில் தப்பும் மேடையேற வேண்டும். நம் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களிலே அதற்கு இடமளிப்பதற்குப் பெரும்பொருள் எதுவும் தேவையில்லை. மனம் ஒன்றே போதும்.

பெற்றோரே, பிள்ளைகளே, உங்கள் இல்லத்து முதியவர் அறிந்த பாட்டு ஒன்றையேனும் இவ்வாரம் கேட்டு எழுதிவையுங்கள். எழுதியபின் அதன் கீழே, பாடியவர் பெயரை முழுப்பேராக எழுதுங்கள், அரைப்பேர் வேண்டாம்.