சூப்பர்மாஸிவ்னா 'பெருசு'ன்னு அர்த்தம் இல்லை

போன எபிசோட்ல ஒரு தப்பு பண்ணிட்டேன். 'சூப்பர்மாஸிவ் பிளாக் ஹோல்' என்பதை 'ராட்சத சைஸ் கருந்துளை'ன்னு சொல்லிட்டு, அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார்: "சைஸ் எங்கேருந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி.

பேச்சு வழக்கில் மாஸிவ் என்றால் பிரம்மாண்டம். ஷாப்பிங் ஆப்ல டிஸ்கவுண்ட்கூட மாஸிவ்தான். வானியலில் அது மாஸ், அதாவது நிறையை மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வேற கணக்கு.

நம்ம பால்வீதியின் நடுவில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டாரையே எடுத்துக்கலாம். நிறை சுமார் 43 லட்சம் சூரியன். ஆனா அதோட நிகழ்வெல்லையின் குறுக்களவு சுமார் 2.5 கோடி கிலோமீட்டர்தான். 18 சூரியனை வரிசையா வெச்சா முடிஞ்சுது. புதன் சுற்றும் பாதைக்குள்ளேயே அடங்கிடும். இப்போ ஓரியன்ல சிவப்பா தெரியற திருவாதிரையைப் பாருங்க. சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலம், நிறையோ சுமார் 20 சூரியனுக்குள்ள. சைஸ்ல ஜெயிக்கிறது திருவாதிரை. பட்டம் மட்டும் கருந்துளைக்கு.

சரி, கண்ணுக்கே தெரியாததை எப்படி எடை போட்டாங்க? எஸ்2ன்னு ஒரு நட்சத்திரம் அதைச் சுமார் 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருது. பாதையின் அளவும் சுற்றும் காலமும் தெரிஞ்சா, நடுவில் இருப்பதன் நிறை கிடைச்சிடும். நம்ம பிளஸ் ஒன் கெப்ளர் விதிதான். ரெய்ன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் இருவரின் குழுக்களும் பல வருஷம் இப்படிப் பின்தொடர்ந்தன. 2020-ல் அவங்களுக்கு நோபல். படம் வெளியானது 2022-லதான்.

எனக்குத் தலை சுத்தினது எம்87 கணக்குல. அங்கே 650 கோடி சூரியன் நிறை. அதை நிகழ்வெல்லைக்குள் இருக்கும் கொள்ளளவால் வகுத்தா, சராசரி அடர்த்தி நாம சுவாசிக்கிற காற்றைவிடக் குறைவு! நிறை இரட்டிப்பானா ஆரம் இரட்டிப்பு, கொள்ளளவு எட்டு மடங்கு. அதனாலதான்.

எத்தனை சூரியனுக்கு மேல சூப்பர்மாஸிவ்? ஒரு லட்சம்னு சிலர், 10 லட்சம்னு சிலர். கறாரான கோடு கிடையாது.

செய்திகளில் 'மாபெரும் கருந்துளை'ன்னு வருது. அதுல நிறை காணாமப் போயிடுது. நான் இனிமே 'பெருநிறைக் கருந்துளை'ன்னுதான் சொல்லப் போறேன். பழைய எபிசோட் குறிப்பையும் மாத்தியாச்சு.