சிறு தொழிலுக்குக் காப்பீடு



1956-ஆம் ஆண்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அதில் பணியமர்ந்த நம் குடும்பங்கள் மாதச் சம்பளத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் கண்டன. இன்று நம் பிள்ளைகள் சிலர் சொந்தமாகக் கடையும் பட்டறையும் தொடங்குகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் சொந்தத் தொழிலுக்கு அப்பாதுகாப்பு தானாக வாராது. பாட்டன் சொத்துடையவன் ஒருமுறை விழுந்தாலும் எழுவான். முதல் தலைமுறையாகத் தொழில் செய்யும் நமக்கு அவ்வசதி இல்லை.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூர் மாவட்டத்தைத் ‘தானே’ புயல் தாக்கியது. என்னிடம் பயின்ற ஒருவரின் தையற்கடைக் கூரை பறந்தது. வங்கிக் கடனுக்காக இயந்திரங்கள் மட்டுமே காப்பீடு செய்யப்பட்டிருந்தன. நனைந்து கெட்டதோ துணி. அவர் அதுவரை பாலிசியைப் படித்ததே இல்லை. எழுத்தறிவித்த நானும் அதைப் படிக்கச் சொல்லவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இன்று பேசுகிறேன்.

முதலாவதாக, கட்டடம், இயந்திரம், சரக்கு என உள்ளவற்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் பாலிசியில் இடம்பெற்றுள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாவதாக, முழு மதிப்புக்கும் காப்பீடு செய்யுங்கள். பிரீமியத்தைக் குறைக்க எண்ணி, 4 இலட்சம் ரூபாய்ச் சரக்கை 2 இலட்சத்துக்குக் காட்டினால், 1 இலட்சம் இழப்பு நேரும்போது 50 ஆயிரமே கிடைக்கக்கூடும்.

மூன்றாவதாக, எவ்வகைத் தீங்குக்குக் காப்பு என்று கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு வழங்கப்படுகிறது. தீ, புயல், வெள்ளம் முதலியவை அதில் அடங்கும். பூட்டை உடைத்து நிகழும் திருட்டுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

நான்காவதாக, ஆட்களை மறவாதீர்கள். பட்டறையில் உதவியாளர் கை இழந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு வந்து சேரும். அதற்கும் காப்பீடு உண்டு. சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம்.

பாலிசி, குறிப்பிட்ட முகவரிக்கே செல்லும். கடையை மந்தாரக்குப்பத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றினால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பு நேர்ந்தால் தாமதமின்றி அறிவியுங்கள். படம் எடுத்து, ரசீதுகளைக் காத்து வையுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் முறையிடுங்கள். தீராவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம், கட்டணம் இல்லை.

இளைஞர்களே, நம் முன்னோர் கைநாட்டு வைத்தனர். தாளில் எழுதியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நாமோ கற்றவர்கள். படிக்காமல் ஒப்பமிடுவோமாயின், அதுவும் கைநாட்டே. பாலிசியைப் படித்தபின் ஒப்பமிடுங்கள்.