ஏரிக்கரை முகாமும் நமது குழந்தைகளும்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகின்ற கோடை விடுமுறையில் நமது சமூகத்துச் சிறுவர் சிறுமியருக்கென ஒரு முகாம் நடத்தலாமா என்று நிர்வாக சபையார் ஆலோசித்து வருகின்றனர். வீட்டை விட்டு வந்து நீர்நிலை ஒன்றின் கரையில் சில நாள் இரவும் பகலும் தங்கியிருக்கும் முகாம். அமெரிக்க தேசத்தில் இத்தகைய முகாம் ஒன்றிற்கு என் பேத்தி சென்று வந்தாள் என்பதையும், அச்சமயம் நானும் அங்கே இருந்தேன் என்பதையும் யாரோ சொல்லக் கேட்டு, அதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்துவிட்டார்கள். நான் பிரசங்கியல்லேன். கண்ணாற் கண்டதையும், குழந்தையின் வாயாற் கேட்டதையும், பின்னர் நூல்களிற் படித்தறிந்ததையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

அந்நாட்டில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடையில் ஏறக்குறையப் பத்து வாரம் விடுமுறை. அவ்விடுமுறையில் பிள்ளைகளை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் கனெக்டிகட் மாகாணத்து உபாத்தியாயராகிய பிரெடரிக் வில்லியம் கன் என்பவர். உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ஆம் ஆண்டில், போர்வீரரைப் போலக் கூடாரத்தில் வாழ ஆசைப்பட்ட தம் மாணவர்களை அவர் கடற்கரைக்கு நடத்திச் சென்றார். ஏரிக்கரை முகாமின் கதை அதற்கு இருபது ஆண்டு பிந்தியது. எர்னஸ்ட் பால்ச் என்னும் கல்லூரி மாணவர், செல்வர் வீட்டுச் சிறுவர்கள் தாய்மாரோடு கோடைக்கால ஹோட்டல்களில் தங்கி, வேலையாட்களை ஏவிக்கொண்டு சோம்பிக் கிடப்பதைக் கண்டு மனம் வருந்தினார். 1881-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஸ்குவாம் ஏரியிலுள்ள ஒரு தீவில் அவர்களுக்காக முகாம் அமைத்தார். அங்கே வேலைக்காரன் என்று ஒருவனும் இல்லை. சமைப்பதும், பாத்திரம் துலக்குவதும், துணி வெளுப்பதும் பிள்ளைகளின் பொறுப்பே. அம்முகாம் 1889-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அது வகுத்த வழி நிற்கவில்லை. பெண்குழந்தைகளுக்கென்று லாரா மட்டூன் என்னும் ஆசிரியை அதே மாகாணத்தில் 1902-இல் ஒரு முகாம் தொடங்கினார். பெண்கள் காட்டில் உறங்குவதா என்று கேட்டவர்கள் அந்நாட்டிலும் இருந்தனர் என்பதை இங்குள்ள பாட்டிமார்கள் அறிந்துகொள்வது நலம்.

இனி என் பேத்தியின் விஷயம். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் பாஸ்டன் நகருக்கு அருகே என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பேத்திக்கு அப்போது பத்து வயது. இரண்டு வாரம் அவளை நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள முகாம் ஒன்றிற்கு அனுப்புவதென்று மகளும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருந்தனர். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாமென்றே சொல்லியிருப்பேன். என் சிறுவயதில் ஊர்க்குளத்தில் ஒரு சிறுவன் மூழ்கி இறந்ததைக் கரையில் நின்று கண்டவன் நான். அன்று முதல் எங்கள் வீட்டில் எவரும் குளத்தில் இறங்கலாகாது என்றாயிற்று. அதனால் என் மக்கள் மூவருக்கும் நீச்சல் தெரியாது. நீரிலிருந்து அவர்களைக் காத்துவிட்டேன் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

புறப்படும் முன் ஒரு வாரம் வீடு அமளிப்பட்டது. சட்டை, காலுறை, துவாலை ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரைத் தைக்க வேண்டும். மழைச்சட்டை, கைவிளக்கு, கொசுத் தைலம், தபால் தலை ஒட்டிய உறைகள் ஆகியவை இருக்கவேண்டும். தொலைபேசி மட்டும் கூடாது. முகாமின் வாயிலில் நிகழ்ந்த முதல் சடங்கைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் பேன் பார்க்கின்றனர்! நமது திண்ணைகளில் நடப்பது அங்கே கையுறை அணிந்து நடக்கிறது, அவ்வளவே வேற்றுமை.

பைன் மரங்களினிடையே சிறு மரக்குடில்கள். ஒவ்வொன்றிலும் அடுக்குக் கட்டில்கள். சாளரத்திற்குக் கண்ணாடியில்லை, கொசுவலையே உண்டு. உடன் உறங்கி மேற்பார்க்கும் பெண்களோ பதினெட்டு, இருபது வயதுக் கல்லூரி மாணவிகள். இவர்களிடமா குழந்தையை விடுவது என்று மகளின் காதில் முணுமுணுத்தேன். அவள் பதில் சொல்லவில்லை.

நீர்த்துறையில் அவர்கள் கையாளும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாளே ஒவ்வொரு குழந்தையையும் நீந்தவிட்டுச் சோதித்து, தேர்ச்சிக்குத் தக்கபடி ஏரியின் எந்தப் பகுதிவரை செல்லலாம் என்று எல்லை வகுத்துவிடுகிறார்கள். ஆழங்களைப் பிரித்துக் காட்டக் கயிறும் மிதவையும் கட்டியிருக்கின்றன. கரையில் ஒரு பலகை; அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வில்லை. நீரில் இறங்குமுன் வில்லையைத் திருப்பி மாட்ட வேண்டும். ஏறியதும் மறுபடி திருப்ப வேண்டும். எவரும் தனியே இறங்கலாகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஊதல் ஒலிக்கும். ஒலித்த மாத்திரத்தில் எல்லோரும் நின்று, தத்தம் ஜோடியின் கையைப் பற்றி உயரத் தூக்க வேண்டும், காவலர் எண்ணுவர். எண்ணிக்கை சரியாகும்வரை ஒருவரும் அசையக்கூடாது. இடி முழங்கினாலோ, அனைவரும் கரையேறி, கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழிந்த பின்னரே மறுபடி இறங்கலாம்.

என் பேத்தியின் ஜோடியாக வாய்த்தவள் வெர்மாண்ட் மாகாணத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவரின் மகள். இவளோ அதிகம் பேசாதவள். அவளோ ஓயாது பேசுகிறவள். முதல் இரண்டு நாள் ஒருத்திக்கு ஒருத்தியைப் பிடிக்கவில்லையாம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஊதல் ஒலித்தால் அவள் எங்கேயென்று இவள் தேடியாக வேண்டும். "தாத்தா, அவள் தலை தண்ணீருக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பேன், இல்லையானால் எனக்கு வயிறு கலங்கும்" என்று பின்னாளில் சொன்னாள். பிறருடைய குழந்தைக்காக வயிறு கலங்குவது எனக்கு எந்த வயதில் வந்தது என்று யோசித்தேன்.

மூன்றாம் நாள் எழுதிய கடிதம் ஆறாம் நாள் வந்தது. இரவில் ஏரியில் ஏதோ அழுகிறது, உறக்கம் வரவில்லை, உணவு பிடிக்கவில்லை, உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. வண்டியை எடுக்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். மகள் தடுத்தாள். நான் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசினேன். அன்றிரவு நான் உண்ணவில்லை. அவள் முகாமிற்குத் தொலைபேசியில் பேசினாள். குழந்தை அந்நேரம் ஓடம் கவிழ்க்கப் போயிருப்பதாகப் பதில் வந்தது. ஆம், கவிழ்க்கவே! கேனூ என்னும் சிற்றோடத்தில் முதற்பாடம் அதை வேண்டுமென்றே கவிழ்த்து, நீரில் விழுந்து, ஓடத்தைப் பற்றிக்கொண்டு மிதக்கக் கற்பதாம்.

வீட்டு ஏக்கம் என்பது நோயன்று என்று பின்னர் அறிந்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இதைப் பற்றி 2007-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. வீட்டை விட்டுப் பிரியும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு ஓரளவேனும் ஏக்கம் உண்டாவது இயல்பு. முன்னதாகவே சில இரவு உறவினர் வீட்டில் தங்கப் பழக்குதல் நன்று. ஆனால், "பிடிக்காவிட்டால் வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் வாக்களிக்கலாகாது என்கிறார்கள். அவ்வாக்கு, உன்னால் இது முடியாது என்று நாமே குழந்தைக்குச் சொல்வதாகிவிடுகிறதாம். வாசலில் நின்று அவள் காதில் நான் சொன்ன சொல் அட்சரம் பிசகாமல் அதுவே! அதை மகளிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று.

இரவில் அழுதது லூன் என்னும் நீர்ப்பறவை. கறுப்பும் வெள்ளையுமான உடலும் சிவந்த கண்ணும் உடையது. நீரில் மூழ்கி மீன் பிடிப்பது. அதன் குரல் சில வேளை ஓலம் போலவும், சில வேளை பித்துப் பிடித்தவர் சிரிப்புப் போலவும் இருக்கும். பெயரறியாத வரையில் குழந்தை அஞ்சினாள். இரண்டாம் கடிதத்தில், ஒரு பறவை குஞ்சைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியதை ஓடத்திலிருந்து பார்த்ததாக எழுதி, படமும் வரைந்திருந்தாள். அழைத்துப் போகும்படி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரவில் தீ மூட்டிச் சுற்றியிருந்து பாடுவதும், மார்ஷ்மெல்லோ என்னும் மெல்லிய தித்திப்பைக் குச்சியில் குத்தி வாட்டிச் சாக்லேட்டோடு பிஸ்கோத்தில் வைத்துத் தின்பதும், அட்டை கடித்ததும், கொசு கடித்ததும் அக்கடிதத்தில் வெகு விஸ்தாரமாக இருந்தன.

வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் காலையில் குடிலுக்கு ஒரு சக்கரம் சுழலும். அதில் யார் பெயருக்கு நேரே எது வருகிறதோ அது அவருடைய வேலை. ஒருநாள் பெருக்குதல், ஒருநாள் மேஜை துடைத்தல், ஒருநாள் கழிப்பிடம் கழுவுதல். இதைக் கேட்டு முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். நானும் சுளித்தவனே. தான் உண்ட தட்டையும் எங்கள் வீட்டில் எடுத்தறியாத பெண் அவள். கடைசி நாள் நாங்கள் அழைக்கச் சென்றபோது எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், ஆனால் வரவில்லை. அன்று சக்கரம் அவளுக்குக் கழிப்பிடத்தைக் காட்டியிருந்தது. முடித்துக் கை கழுவிய பிறகே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தொழிலைப் பரம்பரையாகச் சிலர் தலையில் சுமத்திவிட்டு, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். அன்று என் பேத்தியின் கையை நான் பற்றிக்கொண்டபோது எனக்கு வெட்கமுண்டாயிற்று. அவ்வெட்கம் அவளைப் பற்றியதன்று.

அம்முகாம்களைத் தெய்வலோகமென்று சொல்ல வந்தேனில்லை. செலவு மிகுதி, ஏழைகளுக்கு எட்டுவது அரிது. அன்றியும், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் யூதக் குழந்தைகளையும் கறுப்பின மக்களின் குழந்தைகளையும் சேர்க்க மறுத்த முகாம்கள் பல. ஆகவே அவரவர் தமக்கென்று அமைத்துக்கொள்ள நேர்ந்தது. மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் லாஷவே ஏரிக்கரையில் 1921-இல் தோன்றிய அட்வாட்டர் முகாம் அவ்வாறு கறுப்பினக் குழந்தைகளுக்காக எழுந்தது. வேறொன்றும் உண்டு. பல முகாம்கள் அந்நாட்டுப் பூர்விகக் குடிகளின் பெயர்களைச் சூட்டிக்கொண்டன. வெள்ளையர் பிள்ளைகள் இறகு சூடி அக்குடிகளைப் போல நடித்து மகிழ்ந்தனர். அக்குடிகளின் சொந்தப் பிள்ளைகளோ, பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் பள்ளி போன்ற விடுதிகளில், தலைமயிர் கத்தரிக்கப்பட்டுத் தாய்மொழி பேசத் தடுக்கப்பட்டு வளர்ந்தனர். அவர்களுடைய வீட்டு ஏக்கத்தைப் போக்க எந்த மருத்துவரும் அறிக்கை எழுதவில்லை.

இனி நமது முகாமிற்கு வருகிறேன். விண்ணப்பத்தின் வரைவை எனக்குக் காட்டினார்கள். "நமது சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று முதல் வரியில் இருக்கிறது. சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆட்கள் அமர்த்தப்படுவர் என்று ஐந்தாவது வரியில் இருக்கிறது. இவ்விரண்டு வரிகளையும் எடுத்துவிட வேண்டுமென்பது என் விண்ணப்பம். பிறர் இடம் கொடாத காலத்தில் நம் முன்னோர் நமக்கென்று விடுதி கண்டதை நான் குறைவாகப் பேசமாட்டேன். அட்வாட்டர் முகாமும் அவ்வகையினதே. இடம் கொடாதவர்களின் வரிசையில் இன்று நாமே போய் நிற்க வேண்டுமா என்பதே கேள்வி. சமூகத்தார் அல்லாதவர் வந்தால் பெற்றோர் அனுப்பத் தயங்குவர் என்று செயலாளர் சொல்கிறார். தயங்குவர்தாம், நானும் தயங்கினேன். முதல் ஆண்டு இருபது குழந்தைகளே வந்தாலும் போதும்.

இடம், நாள், கட்டணம் ஆகியவற்றைச் சபையார் தீர்மானிக்கட்டும். அதற்கு முன் நன்றாக நீந்தத் தெரிந்து, மூழ்குவோரை மீட்கும் பயிற்சியும் பெற்றவர் நால்வர் கிடைப்பார்களா, அவர்களில் இருவரேனும் பெண்களாக இருப்பார்களா என்று இந்த மாதமே விசாரியுங்கள். அரிசி பருப்பைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.