தோற்கவும் பழக வேண்டும்
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசும்படி கேட்டார்கள். கடதாசி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் தங்கச்சி சற்று யோசித்தார். யோசித்ததில் பிழையில்லை. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் பந்தலுக்குள் ஆண்கள் காட்ஸ் விளையாடுவார்கள். எங்கள் பங்கு தேநீர் கொடுப்பது. திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. காசு வைத்து ஆடினால் குடி கெடும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நான் சொல்வது காசில்லாமல், வீட்டில் பாய் விரித்து, பிள்ளைகளோடு இருந்து விளையாடுவதை.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. கலாவரை, இஸ்கோப்பன் என்று நாம் சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தரின் சொற்களிலிருந்து வந்தவை. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததோடு ஒல்லாந்தர் இங்கிருந்து போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் எங்கள் பாயிலே தங்கிவிட்டன.

சின்னப் பிள்ளைக்குக் 'கழுதை' போதும். தாள்களைப் பங்கிட்ட பிறகு ஒருவர் ஒரு தாளை இறக்குவார். மற்றவர்களும் அதே இனத்தில் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு தாளால் வெட்டுவார். அப்போது, இறங்கிய இனத்தில் பெரிய தாள் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை தாளோடு இருப்பவர் கழுதை. இனம் பிரிப்பது, பெரிது சிறிது பார்ப்பது, தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது எல்லாம் சிரிப்போடு சிரிப்பாக வந்துவிடும்.

பத்து வயதானால் முந்நூற்றுநாலு பழக்கலாம். 52 தாளில் இரண்டு முதல் ஆறு வரையான 20 தாளையும் எடுத்துவிட்டால் மிச்சம் 32. நாலு பேருக்கு எட்டு எட்டாக வரும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. கேள்வியை 160இல் தொடங்குவதேன் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பாதி 152 என்பதைத் தானே கண்டுபிடிக்கும். முதல் நாலு தாளை மட்டும் பார்த்துக் கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மற்ற நாலு தாளும் அதன் பிறகுதான் கைக்கு வரும். எதிரே இருப்பவர் சோடி. அவரோடு பேசக் கூடாது, கண்ணும் காட்டக் கூடாது. அவர் போடுகிற தாளைப் பார்த்தே அவர் மனதை அறிய வேண்டும்.

கணக்கையும் ஞாபகத்தையும் ரியூஷனிலும் கற்கலாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் தோற்பதற்கு ரியூஷன் இல்லை.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்துவிட்டது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அயலிலிருந்து ஒவ்வொருவராக வந்து விசாரிக்கிறார்கள். அந்தப் பரீட்சைக்கு மறுமுறை கிடையாது. வாழ்க்கையின் முதல் தோல்வி இவ்வளவு பெரிதாக, இவ்வளவு பேர் முன்னால் வந்தால் அந்தப் பிஞ்சு என்ன செய்யும்? ஆசிரியையாக இருந்த காலத்தில் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

பாயில் தோற்பது பத்து நிமிடத் தோல்வி. அம்மா சிரிப்பார், அண்ணா பகிடி பண்ணுவான், பிள்ளைக்குக் கண் கலங்கும். அதற்குள் தாளைக் கலைத்து அடுத்த கை போட்டுவிடுவார்கள். இன்னொன்றும் விளங்கும். கூடாத கை வந்தது பிள்ளையின் குற்றமல்ல. வந்த கையை எப்படி விளையாடியது என்பதற்குத்தான் அது பொறுப்பு. இதை நூறு தரம் அனுபவித்த பிள்ளை பெறுபேற்று நாளிலும் அழும். ஆனால் அழுதுவிட்டு எழும்பும். அதனால், அழுமே என்று பயந்து பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து வெல்ல வைக்காதீர்கள்.

ஊரடங்கு நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இல்லை, வெளியே சத்தம். அரிக்கன் லாம்பைச் சுற்றி நாலு பேர் தாள் பிடித்திருந்தால் பிள்ளைகளின் காது பாய்க்குள்ளேயே நின்றது. இடம்பெயர்ந்து போனபோதும் ஒரு கூட்டம் காட்ஸ் உடுப்புப் பையில் ஒரு மூலையில் கிடந்தது. அது பாரமும் இல்லை, அதற்குக் கரண்டும் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளையோடு பேசத் தமிழ் போதவில்லை என்று வருந்துகிறீர்கள். ஒரு பாயை விரியுங்கள். துரும்பு, வெட்டு, கலாவரை, கழுதை என்று நாலு சொல்லோடு தொடங்கலாம். அம்மம்மாவைக் கழுதையாக்கிய பிள்ளை, அடுத்த நாளும் தானாகவே பாய்க்கு வரும்.