பெற்றோர் குரலுக்கு ஊர் துணை நிற்கட்டும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், ஏரி மராமத்து ஆகியவை பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று அவற்றைப் போன்றே இன்றியமையாத ஒரு பொருளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். காது கேளாத குழந்தையைப் பெற்ற குடும்பம் அக்குழந்தைக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதற்கு ஊர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதே அது.

கிராமங்களில் நாம் காண்பது என்ன? குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதைப் பெரும்பாலும் முதலில் உணர்பவள் தாய். அவள் வாய் திறந்தால், "இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான், பொறுத்துக்கொள்" என்கின்றனர் பெரியவர்கள். தட்டு விழுந்தால் திரும்புகிறதே என்று அண்டை வீட்டார் சமாதானம் கூறுகின்றனர். இவை அன்பினால் எழுந்த சொற்களே. ஆயினும் இவற்றால் வீணாவது குழந்தையின் காலம். தட்டு விழும் ஓசை வேறு, பேச்சின் ஓசை வேறு. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவினது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்றும், இழப்பு 70 டெசிபல் அளவினதாயின் காது கேளாதோர் என்றும் வகுத்துள்ளது. ஆகவே, மேள ஓசைக்குத் திரும்பும் குழந்தைக்குத் தாயின் பேச்சு எட்டாதிருக்கலாம்.

பட்டத்தின் அருமையை உழவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மொழிக்கும் பட்டம் உண்டு. பிறந்த 1 மாதத்திற்குள் செவிச் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குதல் என்பது மருத்துவ வல்லுநர் வகுத்த கணக்கு. அக்கணக்கு தவறிய வீட்டார் சோர்ந்துவிடலாகாது. நாளை தொடங்குவதினும் இன்று தொடங்குவது நன்று.

இதில் பஞ்சாயத்து ஆற்றக்கூடிய பணிகள் யாவை?

முதலாவது, தாயின் சொல்லை நம்புவது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர், அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கின்றனர். ஐயமுள்ள குழந்தையை அவர்களிடம் காட்டச் செய்யுங்கள். மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சும் குடும்பத்துடன் உறுப்பினர் ஒருவர் உடன் செல்வாராயின், அது பெரும் உதவி.

இரண்டாவது, எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கப் பழக்குவது. எந்த ஓசைக்குக் குழந்தை திரும்பியது, எந்த நாளில் யாரைக் கண்டோம், அவர் என்ன கூறினார் என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து, சோதனைச் சீட்டுகளையும் அதில் சேர்த்து வைக்கட்டும். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறட்டும். கையில் காகிதம் உள்ள பெற்றோரை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்ப இயலாது.

மூன்றாவது, கேட்பது பிச்சையன்று, உரிமை என்று உணர்த்துவது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை மேற்கூறிய சட்டம் அளிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. காதொலிக் கருவி கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. குழந்தை வளர வளரக் காதில் பொருத்தும் அச்சை மாற்ற வேண்டும்; மின்கலமும் தீராமல் இருக்க வேண்டும். ஆசிரியர் குழந்தையின் முகம் பார்த்துப் பேசவும் வேண்டும். இவற்றைப் பள்ளியில் கேட்கப் பெற்றோர் தயங்கலாகாது.

நான்காவது, முடிவைக் குடும்பத்திடமே விடுவது. காதொலிக் கருவியும் பேச்சுப் பயிற்சியுமா, சைகை மொழியா, இரண்டுமா என்று ஊர் தீர்ப்புக் கூறலாகாது. சைகை கற்றால் பேச்சு வராது என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை. எவ்வழியாயினும் குழந்தைக்கு ஒரு மொழி காலத்தே வாய்க்க வேண்டும். "ஊமை" என்னும் சொல்லையும் ஊர் வழக்கிலிருந்து அகற்றுவோமாக. அக்குழந்தையின் குரலில் பெரும்பாலும் குறையில்லை. கேளாததனாலேயே பேச்சு வரவில்லை.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தத்தை நம் சட்டப்பேரவை 2025-இல் நிறைவேற்றியது. அவர்கள் அனுபவமும் இப்பணிக்கு வழி காட்டும்.

அடுத்த கிராம சபைக்கு முன், ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் பேச்சுத் தாமதமான குழந்தைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக விசாரித்து வாருங்கள். சபை கூடும் நாளில் அக்குழந்தைகளின் பெற்றோரை முன்வரிசையில் அமர்த்தி, முதலில் அவர்களைப் பேச விடுங்கள். அவர்கள் பேசி முடித்த பின் ஊர் எழுந்து, "நாங்கள் உடன் வருகிறோம்" என்று சொல்லட்டும்.